படம் பார்க்க வந்த மெய்க்காவலர்

போன சனிக்கிழமை பட்டப்பகலில் ஒரு கள்ள வேலை செய்தேன். அஜின்கோர்ட்டில் ஒரு வீடியோக் கடைக்குப் போய் டிவிடி ஒன்றை வாடகைக்கு எடுத்தேன்.

இதில் என்ன கள்ளம் என்று கேட்பவர்கள் ரொறன்ரோவுக்குப் புதிதாக வந்தவர்களாக இருக்க வேண்டும். மே மாதம் ஊரில் போர் முடிந்த பிறகு இங்கே எந்தத் தமிழ் வீட்டில் வெளியே சொல்லிப் படம் பார்க்கிறார்கள்? அங்கே அத்தனை சனம் செத்துப்போய், மிச்சச் சனம் முள்ளுக்கம்பிக்குள்ளே சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கும்போது, நாங்கள் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு டூயட் பார்ப்பதா... ஒருவரும் சட்டம் போடவில்லை. எல்லோருமாக விட்டுவிட்டோம். பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுவதென்றாலும் கர்ட்டினை இழுத்து மூடிவிட்டுத்தான் வெட்டுகிறோம்.

ஆனால் என் பலவீனம்தான் உங்களுக்குத் தெரியுமே. எனக்கு அடிதடிப் படம் வேண்டும். காதல் படம் வேண்டாம், கண்ணீர்ப் படம் வேண்டவே வேண்டாம் – ஒருவன் பத்துப் பேரைத் தூக்கி எறிய வேண்டும், கண்ணாடிக் கதவு உடைய வேண்டும், கடைசியில் நல்லவன் வெல்ல வேண்டும். நல்லவன் வென்று நான் பார்த்து எத்தனையோ மாதம் ஆகிவிட்டது. ஐம்பத்து மூன்று வயதில் இதெல்லாம் ஒரு ஆசையா என்று என் வீட்டுக்காரர் கேட்பார். கேட்கட்டும்.

அதனால் எனக்கு நானே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டேன். தமிழ்ப் படம் பார்த்தால்தானே பிழை? வேறு நாட்டுப் படம் பார்த்தால்?

கடைக்காரருக்கும் இந்தத் தீர்ப்பு ஏற்கெனவே தெரிந்திருந்தது. முன் தட்டு முழுக்கப் பக்திப் பாட்டு. என்னைக் கண்டதும் மேசைக்கு அடியில் கையை விட்டு ஒரு டிவிடியை எடுத்தார். உறையில் மார்க்கரால் எழுதியிருந்தது: "தாய்லாந்து. அடிபிடி. பகிடி. தமிழில் பேசும்."

"என்ன கதை?" என்று கேட்டேன்.

"முதலாளியைக் காப்பாத்தத் தவறின ஒரு மெய்க்காவலன்ர கதை அக்கா. வேலையால கலைச்சுப்போடுவாங்கள். பிறகு ஆள் எல்லாரையும் போட்டு வெளுக்கும்."

நான் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த பாண் பையின் அடியில் அதை வைத்துத் தந்தார். நானும் நல்ல பிள்ளையாக வாங்கிக்கொண்டு வந்தேன். எங்கள் அப்பார்ட்மென்ட் லொபி வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. கதவைத் தோளால் தள்ளினேன், பை சரிந்தது, பாண் ஒரு பக்கம், டிவிடி ஒரு பக்கம். டிவிடி போய் விழுந்த இடம், செக்யூரிட்டி மேசைக்கு முன்னால் – குலம் அண்ணையின் சப்பாத்துக்குப் பக்கத்தில்.

குலம் அண்ணையைச் சொல்ல வேண்டும். (பெயரை மாற்றியிருக்கிறேன், அவர் கேட்டபடி.) எங்கள் கட்டடத்தின் செக்யூரிட்டி. அதே கட்டடத்தில் மூன்றாம் மாடியில் மனைவி, மகளோடு குடியிருக்கிறார். அறுபது தாண்டியிருக்கும். கொம்பனி கொடுத்த சட்டை அவருக்கு ஒரு அளவு பெரிது, ஆனால் அதை அயன் பண்ணாமல் ஒருநாளும் போட்டது கிடையாது. ஏழு வருஷமாகக் காலையில் நான் வேலைக்குப் போகும்போது கதவைத் திறந்து விடுகிறவர்.

அவருக்கு ஒரு பழைய கதை உண்டு. கொழும்பில், புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்த ஒரு பெரிய முதலாளிக்கு மெய்க்காவலராக இருந்தவர். கப்பம் கேட்டு மிரட்டல் வந்த காலம். ஒருநாள் கடை வாசலில் வைத்து முதலாளியைச் சுட்டுவிட்டார்கள். அந்த நேரம் மெய்க்காவலர் பக்கத்தில் இல்லை. எங்கே போனார்? காசு வாங்கிக்கொண்டு விலகிவிட்டார் என்று கதை கட்டினார்கள். அந்தக் கதை அவருக்கு முன்னமே விமானம் ஏறி ஸ்காபரோவில் வந்து இறங்கிவிட்டது. கலியாண வீடுகளில் அவர் இருக்கிற மேசையில் கடைசியாகத்தான் கதிரைகள் நிரம்பும். ஏழு வருஷமாக "குட் மோர்னிங் அண்ணை" சொன்ன நானும் அந்த மேசைக்குப் போய் உட்கார்ந்தவள் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அதைச் சொல்ல எனக்கு வெட்கம்தான். சொல்லாமல் விட்டால் பேப்பரில் இந்தப் பத்தியை எழுதத் தேவையில்லை.

மூன்று கிழமைக்கு முன்னர் எங்கள் ஆன்சரிங் மெஷினில் ஒரு மெசேஜ் இருந்தது. ஸ்ரௌவ்வில்லில் புது வீடு வாங்கிப் போன ஒரு அம்மா. "வணக்கம் அக்கா, நீங்கள் பேப்பரில எழுதிறதை ஒவ்வொரு கிழமையும் வாசிக்கிறனான். உங்கட பில்டிங்கில இருக்கிற குலசேகரத்தாரின்ர மகளை எங்கட மகன் விரும்பியிருக்கிறான். யூனிவர்சிட்டியில ஒண்டாப் படிச்சதுகள். பிள்ளையில ஒரு குறையும் இல்லை. தகப்பனைப் பற்றித்தான் ஆக்கள் ஒருமாதிரிச் சொல்லுகினம். நீங்கள் ஒரே கட்டடத்தில இருக்கிறியள். ஒரு வார்த்தை சொன்னியள் எண்டால் எங்களுக்குக் காணும்."

எங்கள் ஆட்களின் கலியாண விசாரிப்பு! இதற்கு முன்னால் பொலிஸ் விசாரணை என்ன விசாரணை? பெண்ணின் ஊர் தெரிந்தவர், கட்டடம் தெரிந்தவர், கோயிலில் கண்டவர் என்று ஒவ்வொருவராகப் பிடித்து ஃபோன் போகும். பிள்ளைகள் ஐந்து வருஷம் காதலித்திருந்தாலும் இந்த ஃபோன் கோல் தப்பாது.

மெசேஜை இரண்டு தரம் கேட்டேன். நான் திருப்பிக் கூப்பிடவில்லை.

ஏன்? நல்லவர் என்று சொல்லி நாளைக்கு ஏதாவது வந்தால், "நீங்கள்தானே சொன்னியள்" என்பார்கள். கெட்டவர் என்று சொல்ல எனக்கு என்ன தெரியும்? எனக்கெதற்கு இந்த வம்பு என்று விட்டுவிட்டேன். கிழமைக்குக் கிழமை உலகத் தலைவர்களுக்கெல்லாம் புத்தி சொல்லி எழுதுகிறவள், மூன்றாம் மாடி மனிதனைப் பற்றி ஒரு வசனம் சொல்லப் பயந்தேன்.

சரி, லொபிக்கு வருவோம். குலம் அண்ணை குனிந்து டிவிடியை எடுத்தார். உறையைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் கறுப்புக் கோட்டும் கறுப்புக் கண்ணாடியும் போட்ட ஒருவன், காரின் பக்கத்தில்.

"தமிழ்ப் படம் இல்லை அண்ணை," என்றேன். அவர் கேட்கவே இல்லை, நான்தான் முந்திக்கொண்டேன். "தாய்லாந்துப் படம்."

"மெய்க்காவலனோ உவன்?"

"ஓம்."

டிவிடியை என்னிடம் நீட்டினார். பிறகு கேட்டார்: "என்ர ஷிஃப்ட் மூண்டு மணிக்கு முடியுது. நானும் வந்து பாக்கலாமோ தங்கச்சி?"

இல்லை என்று சொல்ல ஒரு காரணமும் கைவசம் இல்லை. வாருங்கள் என்றேன்.

மூன்று ஐந்துக்குக் கதவு தட்டப்பட்டது. சட்டை மாற்றி, தலையை வாரி இழுத்து, கையில் ஒரு பெட்டி மஃபின். வீட்டுக்காரர் ரீ போட்டுக் கொடுத்தார். நான் கர்ட்டினை இழுத்து மூடினேன். மூன்று பேரும் ரீவிக்கு முன்னால் பரீட்சை எழுத வந்தவர்களைப்போல நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

படம் தொடங்கியது. பாங்கொக் சந்தை. முதலாளி காரால் இறங்குகிறார், மெய்க்காவலன் பக்கத்தில் நிற்கிறான். எல்லோரும் சென்னைத் தமிழில் ஒருவரை ஒருவர் "வாத்யாரே" என்கிறார்கள். வீட்டுக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குலம் அண்ணை சிரிக்கவில்லை. முன்னுக்குச் சாய்ந்து பார்த்தார்.

"உவன் நிக்கிற விதம் பிழை," என்றார்.

"ஏன் அண்ணை?"

"முதலாளியைப் பாத்துக்கொண்டு நிக்கிறான். அவரை என்னத்துக்குப் பாக்கிறது? அவர் எங்கையும் ஓடமாட்டார். சனத்தின்ர கையைப் பாக்கவேணும். முகத்தைக்கூடப் பாக்கத் தேவையில்லை, கையைத்தான்."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, ஒரு பூக்காரனின் கை கூடைக்குள்ளே போய்த் துப்பாக்கியோடு வந்தது. முதலாளி விழுந்தார். மெய்க்காவலன் பத்துப் பேரைத் தூக்கி எறிந்தான், ஒரு வாழைப்பழ வண்டியையே தூக்கி எறிந்தான், பிரயோசனம் இல்லை. அடுத்த காட்சியில் முதலாளியின் மகன் அவனை வேலையால் நிறுத்துகிறான். கோட்டைக் கழற்று, கண்ணாடியைக் கழற்று, சப்பாத்தும் எங்களுடையது, கழற்று. வெறுங்காலோடு கொதிக்கிற தார் ரோட்டில் அவன் துள்ளித் துள்ளிப் போகிறான். பின்னணியில் குதிரை ஓடுகிற மாதிரி ஒரு மேளம். பார்க்க உண்மையிலேயே சிரிப்புத்தான். ஆனால் நாங்கள் இரண்டு பேரும் சிரிப்பை விழுங்கிக்கொண்டோம். பக்கத்தில் இருப்பவர் யார்?

அப்போதுதான் குலம் அண்ணை சிரித்தார். மெல்லத் தொடங்கி, தோள் குலுங்கி, கடைசியில் கண்ணீர் வந்து, கையில் இருந்த ரீ சிந்தத் தொடங்கியது. நான் ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினேன்.

"எனக்கும் சப்பாத்தை வாங்கினவை தங்கச்சி," என்றார். "செத்தவீட்டுக்கு அடுத்த நாள். 'அது அப்பா வாங்கித் தந்த சப்பாத்து, கழட்டு' எண்டு மகன் சொன்னவர். வெறுங்காலோட பஸ்ஸில ஏறினனான். கொண்டக்டர் காலைப் பாத்திட்டு ரிக்கற் காசு வேண்டாம் எண்டிட்டான்."

திரும்பவும் சிரித்தார். வீட்டுக்காரரும் சிரித்துவிட்டார். பிறகு நான்தான் கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

"அண்டைக்கு நீங்கள் எங்க போனனீங்கள் அண்ணை?"

கோப்பையைக் கீழே வைத்தார்.

"கண்ணாடி எடுக்கப் போனனான். ஐயா வாசிக்கிற கண்ணாடியை வீட்டில விட்டிட்டு வந்திட்டார். கடை வாசலில இறங்கின பிறகுதான் ஞாபகம் வந்தது. 'குலம், காரில போய் எடுத்துக்கொண்டு வா' எண்டார். 'டிரைவரைத் தனிய அனுப்புவம் ஐயா, நான் நிக்கிறன்' எண்டன். 'அவனுக்கு எங்க இருக்கெண்டு தெரியாது, நீ போ' எண்டார். போனன். வெள்ளவத்தைக்குப் போய்த் திரும்பி வாறதுக்கிடையில எல்லாம் முடிஞ்சுது. கண்ணாடி என்ர பொக்கற்றுக்குள்ள."

ரீவியில் அந்தத் தாய்லாந்துக்காரன் ஒற்றைக் காலைத் தூக்கியபடி அப்படியே நின்றான்.

"காவல் நிக்கிறவன் போகக்கூடாது. ஐயா சொன்னாலும் போகக்கூடாது. அது என்ர பிழை, அதை நான் ஒருநாளும் இல்லையெண்டு சொல்லமாட்டன். காசு வாங்கினன் எண்டதுதான் பொய்."

"இவ்வளவு காலமும் ஏன் இதை ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"நானாப் போய்ச் சொன்னால் செத்த மனுசனில பழியைப் போட்ட மாதிரி இருக்கும். ஆரும் கேட்டால் சொல்லலாம். ஒருத்தரும் கேக்கேல்லை தங்கச்சி. எல்லாருக்கும் முதலே தெரிஞ்சிருந்தது."

பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "இப்ப மே மாசத்துக்குப் பிறகு பாக்கிறன், எங்கட சனம் எல்லாரும் என்னை மாதிரித்தான் நடக்குதுகள். தலையைக் குனிஞ்சுகொண்டு. நாங்கள் அங்க நிக்கேல்லையே, காப்பாத்தேல்லையே எண்டு. எனக்கு இது இருவது வருஷப் பழக்கம். அவையளுக்குப் புதுசு."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆறு மாதமாக எனக்குள்ளே உருண்டுகொண்டிருந்ததை இந்த மனிதர் மஃபின் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சொல்லிவிட்டார்.

"துளசி எப்பிடி இருக்கிறா?" என்று பேச்சை மாற்றினேன். துளசி அவருடைய மகள், மார்க்கம் நகரில் ஒரு கம்பியூட்டர் கொம்பனியில் வேலை. மாற்றியிருக்கக் கூடாத இடத்துக்கு மாற்றிவிட்டேன்.

"அவளின்ர விஷயம் குழம்பிப்போச்சு. பெடியனின்ர தாய் நாலு பேரை விசாரிச்சவவாம். மூண்டு பேர் என்ர பழைய கதையைச் சொல்லியிருக்கினம். அதை அவ பெரிசா எடுக்கேல்லையாம், எல்லாக் குடும்பத்திலயும் ஒரு கதை இருக்கும்தானே. நாலாவது ஆள் திருப்பிக் கூப்பிடவே இல்லையாம். வாயால சொல்லேலாத அளவுக்கு ஏதோ இருக்கெண்டு யோசிக்கினம். இவள் 'டோன்ட் வொறி அப்பா' எண்டுதான் சொல்லுறாள். ஆனால் சாப்பிடுறாளில்லை."

மூன்று கிழமையாக நான் இதை நடுநிலை என்று நினைத்துக்கொண்டு திரிந்தேன்! எங்கள் விசாரிப்பு முறை எனக்குத் தெரியாதா? ஆள் முன்கோபக்காரர் என்றால் போகட்டும் என்று விடுவார்கள். குடிப்பார் என்றால் எவ்வளவு என்று கேட்பார்கள். கேட்ட ஆள் வாயே திறக்கவில்லை என்றால் அதோடு கதை முடிந்தது. என் சொந்தத் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்தபோது நானே அப்படி ஒருவரை வெட்டிவிட்டவள்தான்.

வீட்டுக்காரர் என்னைப் பார்க்கவில்லை. மெசேஜ் வந்தது அவருக்கும் தெரியும்.

"அந்த நாலாவது ஆள் நான்தான் அண்ணை," என்றேன்.

குலம் அண்ணை என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கைகளைப் பார்த்தார். அவை ரிமோட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தன. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"படத்தைப் போடுங்கோ தங்கச்சி," என்றார். "மிச்சத்தையும் பாப்பம்."

போட்டேன். அந்த மெய்க்காவலன் ஒரு நூடில்ஸ் கடையில் வாத்துகளுக்குக் காவல் நின்றான், வாத்துகளையும் களவு கொடுத்தான், பிறகு உண்மையான கொலைகாரனைக் கண்டுபிடித்தான். பத்துப் பேர் பறந்தார்கள். கண்ணாடிக் கதவுகள் மூன்று உடைந்தன. நல்லவன் வென்றான். முதலாளியின் மகன் சப்பாத்தைக் கொண்டுவந்து காலடியில் வைத்தான். நான் ஆசைப்பட்ட அத்தனையும் அந்தப் படத்தில் இருந்தது. ஒன்றும் என் மண்டைக்குள் ஏறவில்லை. குலம் அண்ணையையாவது கண்ணாடி எடுக்க ஒருவர் அனுப்பினார், விலகிப் போகச் சொல்லி என்னை யார் அனுப்பினது என்ற யோசனையிலேயே இருந்தேன்.

போகும்போது வாசலில் நின்று சப்பாத்தைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "எனக்காக நல்லது ஒண்டும் சொல்லவேண்டாம். நீங்கள் கண்டதைச் சொல்லுங்கோ, காணும்."

கதவைச் சாத்தியதும் ஸ்ரௌவ்வில்லுக்கு ஃபோன் எடுத்தேன். அந்த அம்மாவே எடுத்தார். நான் பெயரைச் சொன்னதும் குரல் கொஞ்சம் விறைத்தது.

கண்டதைச் சொன்னேன். போன பனிக்காலத்தில் போரை நிறுத்தச் சொல்லி டவுன்டவுனில் நாங்கள் பதாகைகளோடு வீதி ஓரம் நின்ற நாட்கள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நாங்கள் எல்லோரும் துணைத் தூதரகக் கட்டடத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டு நின்றோம். குலம் அண்ணை மட்டும் எங்களுக்கு முன்னால், வீதிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ஒருநாளும் பதாகை பிடித்ததில்லை. நடைபாதையால் இறங்கப் போன பிள்ளைகளை, தள்ளாடிய வயதுபோனவர்களைப் பிடித்துப் பிடித்து மேலே ஏற்றிவிட்டுக்கொண்டே நின்றார். வேலை முடித்து நேரே அங்கே வருவார். ஒரு பின்னேரம் சனம் திடீரென்று தள்ளியபோது வீதியில் சறுக்கி விழப் போன என்னையும் தோளில் பிடித்து நிறுத்தினார். அன்றைக்கு நான் நன்றிகூடச் சொல்லவில்லை. கண்ணாடிக் கதையையும் சொன்னேன். அது அவர் சொல்லி நான் கேட்டது, இது நான் கண்டது என்று பிரித்தே சொன்னேன்.

"இவ்வளவு தெரிஞ்சுகொண்டும் மூண்டு கிழமை ஏன் பேசாமல் இருந்தனீங்கள் அக்கா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

"பயத்தில," என்றேன். "அவரில ஒரு பயமும் இல்லை. நாளைக்கு ஏதும் வந்தால் ஆக்கள் என்னைச் சொல்லுவினமே எண்டுதான்."

மறுபக்கத்தில் அவருக்குப் பின்னால் யாரோ பெடியனின் குரல், "ஹூ இஸ் இட் அம்மா?" என்றது.

"வாற கிழமை ஞாயிறு நாங்கள் அவையளின்ர வீட்டை வந்து பாப்பம்," என்றார் அந்த அம்மா கடைசியில். "சம்மதம் எண்டு இப்ப சொல்லமாட்டன். வந்து கதைக்கிறம். ஆனால் இப்ப சொன்னதை அவருக்கு முன்னால, எங்கட ஆக்களுக்கு முன்னால நீங்கள் திருப்பிச் சொல்லவேணும். பெடியனின்ர பெரியப்பா கொழும்பில இருந்தவர். அவர் கேள்விக்கு மேல கேள்வி கேப்பார்."

குலம் அண்ணையிடம் அடுத்த நாள் காலை சொன்னேன். கதவைத் திறந்து பிடித்தபடியே கேட்டார். இதை எழுதலாமா என்றும் கேட்டேன். "பெயரை மாத்திப்போட்டு எழுதுங்கோ," என்றார். பெயரை மாற்றினால் மட்டும் ரொறன்ரோவில் ஆளைக் கண்டுபிடிக்கமாட்டார்களா என்ன? தெரிந்துகொண்டுதான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

நாளை மறுநாள் ஞாயிறு. என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. பெரியப்பா முகத்தைச் சுளிக்கலாம், வந்தவர்கள் வடையோடு எழும்பிப் போகலாம். மூன்றாம் மாடியில் அந்தச் சின்னச் சோபாவில், குலம் அண்ணைக்குப் பக்கத்தில் நான் இருப்பேன். யார் எதை எடுத்துவரச் சொன்னாலும் எழும்பமாட்டேன்.